நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

2021 மே 22. சீனத்தின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றை ஒட்டிய மலைப்பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்று காலையில் தொடங்கியது. 172 பேர் கலந்துகொண்டனர். நண்பகலில், ஓட்டப்பாதையின் மிக உயரமான பகுதியை அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது வானிலை மாறியது. ஆலங்கட்டியும் உறையவைக்கும் மழையும் சூறைக்காற்றும் ஒருசேரத் தாக்கின. பெரும்பாலானோர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தனர். 21 பேர் உயிரிழந்தனர். சீனத்தின் முன்னணி நெடுந்தொலைவு ஓட்டவீரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அன்று ஆறு பேரைக் காப்பாற்றியவர் மீட்புப் படையைச் சேர்ந்தவர் அல்லர். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். மழைக்காகத் தான் ஒதுங்கியிருந்த குகைக்கு அவர்களை அழைத்துச் சென்று நெருப்பு மூட்டிக் குளிர் போக்கினார்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்தது இரக்கம் மட்டுமன்று, வெட்கமும்கூட. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டப் பகுதியில் நடந்த ஒரு நாள் சாகசப் போட்டியில் நானும் கலந்துகொண்டிருந்தேன். அணைநீரில் துடுப்புப் படகு, மலைப்பாதையில் மிதிவண்டி, இறுதியாகக் குன்றேறி இறங்கும் ஓட்டம். இருவர் சேர்ந்து ஓர் அணி. கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை அமைப்பாளர்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அதில் மழைச்சட்டையும் ஊதலும் கைவிளக்கும் இருந்தன. பையின் கனத்தைக் குறைப்பதற்காக மழைச்சட்டையை அறையிலேயே விட்டுச் சென்றேன். தொடக்கக் கோட்டில் பையைத் திறந்து பார்க்க எவரும் இல்லை. இருந்திருந்தால் நான் அதை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

பிற்பகலில் பனிமூட்டம் இறங்கியது. தோட்டப் பாதையில் கூடையுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "தம்பி, இனிமே மேல போவாதீங்க. காத்து மாறிருச்சு" என்றார். நாங்கள் நிற்கவில்லை. எங்களுக்கு முன்னே இரண்டு அணிகள்தான் இருக்கின்றன என்று கடைசி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதையைக் காட்டக் கட்டியிருந்த நாடாக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நண்பரின் பேச்சு குழறியது; பையின் கொக்கியைத் திறக்க அவருடைய விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஏறிய வழியே இறங்கி, தொழிலாளர் குடியிருப்பின் ஒரு வீட்டு அடுப்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களைக் காணவில்லை என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்தது நாங்கள் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான்.

அன்று நடந்தது விபத்து அன்று. விபத்தாக மாறாமல் போன ஒன்று. ஆனால், கான்சுவில் இறந்தவர்களுக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு திறமையோ துணிச்சலோ அல்ல என்பதை நான் அறிவேன். அங்கு வெப்பநிலை மேலும் சில பாகைகள் குறைவு. குடியிருப்பு மேலும் சில கிலோமீட்டர் தொலைவு. அவ்வளவுதான். தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் சாகசச் சுற்றுலாவைத் தம் கொள்கையின் ஒரு பகுதியாக அறிவித்து ஊக்குவிக்கும் இந்நாளில், இந்த வேறுபாட்டைத் தற்செயலுக்கு விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

ஆபத்தை வடிவமைப்பவர் யார்?

பல்விளையாட்டு சாகசப் போட்டி என்பது ஒப்பீட்டளவில் புதிய விளையாட்டு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கடற்கரையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து கிழக்குக் கடற்கரையை அடையும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' போட்டியை ராபின் ஜட்கின்ஸ் 1983-ல் தொடங்கினார். ஓட்டம், மிதிவண்டி, கயாக் படகு எனச் சுமார் 243 கிலோமீட்டர். 1989-ல் பிரெஞ்சு இதழாளர் ஜெரார் ஃபுசில், அணிகளாகப் பல நாள்கள் போட்டியிடும் 'ரெய்டு காலுவாஸ்' போட்டியை அதே நாட்டில் நடத்தினார். அதன் பெயரே புரவலரான சிகரெட் நிறுவனத்தின் வணிகப் பெயர்தான். 1995-ல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஈகோ சேலஞ்ச்' போட்டியைத் தொடங்கினார். ஆக, விளம்பரமும் ஒளிப்படக் கருவியும் இவ்விளையாட்டின் வளர்ச்சியில் ஆரம்பம் முதலே கைகோத்து வந்திருக்கின்றன.

இப்போட்டிகளின் பொது இலக்கணம் இதுதான்: நான்கு பேர் கொண்ட அணி, அதில் ஆண், பெண் இருபாலரும் இருக்க வேண்டும், போட்டி முழுவதும் நால்வரும் சேர்ந்தே செல்ல வேண்டும், ஜிபிஎஸ் உதவியின்றி வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு வழி கண்டறிய வேண்டும், எப்போது உறங்குவது என்பதை அணியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். 2019-ல் ஃபிஜித் தீவுகளில் நடந்து மறு ஆண்டு தொலைக்காட்சித் தொடராக வெளிவந்த ஈகோ சேலஞ்ச் போட்டியில் 30 நாடுகளின் 66 அணிகள் பங்கேற்றன. தொலைவு 671 கிலோமீட்டர். கால வரம்பு 11 நாள்கள். எவரெஸ்ட் ஏறிய இரட்டையரான தாஷி, நுங்ஷி மாலிக் சகோதரிகளின் தலைமையில் இந்திய அணி ஒன்றும் அதில் களமிறங்கியது. நம் நாட்டில் இவ்விளையாட்டின் பெயரைப் பலரும் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

ஃபிஜியில் வென்றது நியூசிலாந்து அணி. அதன் உறுப்பினர் ஒருவர் தொடக்கத்திலேயே கடும் வெப்பத்தால் நலம் குன்றினார். அணி தன் வேகத்தைக் குறைத்து அவரைத் தேற்றிக்கொண்டு நடந்தது, பிறகுதான் முன்னேறியது. நால்வரில் மிகவும் தளர்ந்தவரின் வேகமே அணியின் வேகம் என்ற விதி, இவ்விளையாட்டின் மிக உயர்ந்த பண்பு. மற்ற விளையாட்டுகளில் பின்தங்கியவரை விட்டுச் செல்வது வெற்றிக்கு வழி; இங்கே விட்டுச் சென்றால் வெற்றியே இல்லை. நான் இந்த விளையாட்டை நேசிக்கக் காரணமும் அதுவே. எனவே, இக்கட்டுரையை அதற்கு எதிரான வழக்காக எவரும் கொள்ள வேண்டியதில்லை.

ஆனால், ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலையேறுபவர் தாம் ஏறப்போகும் மலையைத் தாமே தெரிவுசெய்கிறார். வானிலை மாறினால் தாமே திரும்பிவிடலாம். சாகசப் போட்டியில் பாதையை வகுப்பவர் அமைப்பாளர். எந்த ஆற்றில், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் போட்டியாளர் இறங்குவார் என்பதை ஏறத்தாழக் கணித்து வைத்திருப்பவரும் அவரே. பாதை பெரும்பாலும் இறுதி நேரம்வரை இரகசியமாகவே வைக்கப்படுகிறது. அப்படியிருக்க, "ஆபத்தை உணர்ந்தே கலந்துகொள்கிறேன்" என்று போட்டியாளரிடம் கையெழுத்து வாங்குவதற்கு என்ன பொருள்? அமைப்பாளருக்குத் தெரிந்ததும் போட்டியாளருக்குத் தெரியாததுமான ஆபத்தை அவர் எப்படி ஏற்க முடியும்?

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. போட்டி நீள நீள, முடிவெடுக்கும் ஆற்றலை அது போட்டியாளரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. இரண்டு இரவுகள் உறங்காதவர் இல்லாத உருவங்களைக் காண்பது இவ்விளையாட்டில் அன்றாடச் செய்தி. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, கைவிரல்களோடு சேர்ந்து அறிவும் மரத்துப்போகிறது. குளிரால் தாக்குண்டவர் தமக்குக் குளிரவில்லை என்று சொல்வதுண்டு. இத்துடன் 'முன்னே இரண்டு அணிகள்தான்' என்ற செய்தியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சான்று. திரும்பிச் செல் என்ற முடிவைப் போட்டியாளரிடம் விட்டுவிடுவது, அதை எடுக்க இயலாதவரிடம் விட்டுவிடுவதாகும்.

இணைப்புகளில் இருக்கும் ஆபத்து

பல்விளையாட்டுப் போட்டிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. படகு, மிதிவண்டி, ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாதுகாப்பு நெறிகள் இருக்கின்றன. ஆனால், ஆபத்து பெரும்பாலும் இவற்றுக்குள் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் இருக்கிறது. நீரிலிருந்து நனைந்த உடையோடு வெளியேறும் ஒருவர் உடனே மிதிவண்டியில் சரிவிறங்கினால், காற்று அவர் உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். நாள் முழுவதும் வெயிலில் துடுப்பு வலித்து நீரிழந்தவர், அந்தியில் கயிற்றைப் பற்றிப் பாறையிறங்க வேண்டியிருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எளிய பணிகள். அடுத்தடுத்து வைத்தால் அவை வேறொன்றாகிவிடுகின்றன.

ஃபிஜிப் போட்டியில் இதைத் தெளிவாகக் காண முடிந்தது. வெப்பமண்டலத் தீவு என்றாலும், மலையோடைப் பள்ளத்தாக்கில் குளிர்ந்த நீரில் நீந்திச் செல்லும் பகுதியில்தான் பல அணிகள் நிலைகுலைந்தன. அங்கே மருத்துவர்கள் இருந்தார்கள். தொடர்வதற்குத் தகுதியற்றவர் என்று அவர்கள் கருதியவர்களை நிறுத்தினார்கள். அழுதவர்கள் உண்டு, வாதிட்டவர்கள் உண்டு. ஆனால், மருத்துவரின் சொல்லே இறுதி. பல போட்டிகளில் ஆற்றின் சில பகுதிகளில் இரவில் படகு செலுத்தக் கூடாது என்ற 'இருள் வலய' விதியும் உண்டு. பொழுது சாய்ந்தால் முதலிடத்தில் இருக்கும் அணியும் கரையேறி விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நல்ல அமைப்பாளர்கள் போட்டியாளரின் துணிச்சலை நம்பிப் போட்டியை நடத்துவதில்லை என்பதற்கு இவை அடையாளம்.

கான்சுவில் நடந்தது ஓட்டப் போட்டி மட்டுமே, பல்விளையாட்டுப் போட்டியன்று. ஆனாலும், அங்கே தவறியவை இரண்டுக்கும் பொதுவானவை. காற்றுத் தடுப்பு மேற்சட்டை கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லை. பலரும் தங்கள் கனத்த உடைகளைப் பாதையின் பிற்பகுதியிலுள்ள நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தனர். குளிர் தாக்கியது அதற்கு முன்பே. இரண்டாம் நிலையத்துக்கும் மூன்றாம் நிலையத்துக்கும் இடையிலான செங்குத்தான ஏற்றத்தில் வாகனம் செல்ல வழியில்லை. பலத்த காற்று வீசும் என்று உள்ளூர் வானிலைத் துறை முன்னதாகவே எச்சரித்திருந்தது. இருந்தும் போட்டி தொடங்கியது. வானிலை கொன்றது என்று சொல்வது எளிது. எச்சரிக்கை வந்த பிறகும் நிறுத்தாமல் இருந்தது வானிலையின் செயலன்று.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற நெடுந்தொலைவு ஓட்டத்தில், தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டை, உயிர்காப்புப் போர்வை, ஊதல், விளக்கு முதலியவை கட்டாயம்; இல்லாதவருக்குத் தண்டனை உண்டு. 2010-ல் ஓட்டம் தொடங்கிய பிறகு வானிலை மோசமடைந்தபோது, அமைப்பாளர்கள் போட்டியை நடுவிலேயே நிறுத்தினார்கள். உலகெங்கிலுமிருந்து பணம் செலவழித்து வந்தவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். ஆனால், அந்தப் போட்டியின் மதிப்பு அதனால் குறையவில்லை. இன்றும் அதில் இடம் கிடைப்பதே அரிதாக இருக்கிறது.

வெற்றிக்கோட்டுக்குப் பிறகு

பொறுப்பு வெற்றிக்கோட்டோடு முடிந்துவிடுவதுமில்லை. 2000-ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த ஈகோ சேலஞ்ச் போட்டியில் 304 பேர் பங்கேற்றனர். காட்டு வழியாகவும் சேற்றிலும் செகாமா ஆற்றிலும் நாள்கணக்கில் சென்றனர். போட்டி முடிந்து அவரவர் நாடு திரும்பிய பிறகே காய்ச்சலும் தசைவலியும் தொடங்கின. நோய்த்தடுப்பு அதிகாரிகள் தேடிப் பிடித்துப் பேசிய 189 பேரில் 80 பேருக்கு நோய் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல். காரணம், லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிக்காய்ச்சல் என்று அழைக்கும் நோய்தான்.

சென்னையின் மழைக்காலத்தையோ 2018 கேரள வெள்ளத்தையோ அறிந்தவர்களுக்கு இந்நோய் புதிதன்று. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் கிருமி, தோலின் கீறல் வழியே உடலுக்குள் புகுகிறது. சாகசப் போட்டியாளரின் கால்களில் கீறல் இல்லாத இடமே இராது. நோய் வெளிப்படச் சில நாள்கள் முதல் சில வாரங்கள்வரை ஆகும். அதற்குள் பதக்கமும் படங்களும் வீடு வந்து சேர்ந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி மருத்துவரிடம் செல்பவர், தாம் எந்த ஆற்றில் இறங்கினோம் என்பதைச் சொல்லத் தோன்றாமல் இருந்துவிடலாம். போட்டிக்குப் பின் அனைவரையும் தொடர்புகொண்டு எச்சரிப்பதும், பங்கேற்றோர் பட்டியலைப் பொதுச் சுகாதாரத் துறைக்கு அளிப்பதும் அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. ஆனால், அப்படிச் செய்ய வேண்டும் என்ற கடமை எங்கும் எழுதப்படாதவரை, அது அமைப்பாளரின் நல்லெண்ணத்தையே சார்ந்திருக்கும்.

கண்டுகொள்ளாமை, பிறகு தடை

அரசுகள் இவ்விளையாட்டுகளை அணுகும் முறையில் ஒரு பழக்கம் தென்படுகிறது. முதலில் கண்டுகொள்வதில்லை; உயிர்கள் போன பிறகு முற்றாகத் தடைசெய்கின்றன. கான்சு நிகழ்வுக்குப் பின் சீனம் இத்தகைய ஆபத்தான போட்டிகளை நாடு முழுவதும் நிறுத்திவைத்தது. உள்ளூர் அலுவலர்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். இந்தியாவில், உரிய சட்டம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஜூனில் ஆற்றுப்படகு சவாரி, பாராகிளைடிங் போன்றவற்றுக்குத் தடை விதித்தது; விதிகளை வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. அதுவரை அவை எந்த விதியின்கீழ் நடந்தன என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. தடையால் வருமானம் இழந்தவர்களில் படகோட்டிகளும் வழிகாட்டிகளும் அடக்கம்.

அதே 2018-ல், மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. அதுவும் போட்டியன்று. ஆனால், கோடையின் தொடக்கத்தில், காய்ந்த புல்வெளிச் சரிவில், ஒரு பெரிய குழு எந்த வழியில் செல்கிறது, ஆபத்து நேர்ந்தால் எவ்வழியே வெளியேறும், திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்விகள் அங்கும் எழுந்தன. அங்கும் முதலில் ஓடிவந்து உதவியவர்கள் சுற்றுவட்டார மலைக்கிராம மக்களே. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில், 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவுடனும் உள்ளூரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடனும் திறந்துவிட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். தடைக்கும் அலட்சியத்துக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை இது மெய்ப்பிக்கிறது.

ஆனால், மலையேற்றத்துக்கு இருக்கும் ஒழுங்கு, போட்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு சாகசப் போட்டி காட்டைக் கடந்தால் வனத் துறையின் அனுமதி வேண்டும். அணையில் படகு இறங்கினால் நீர்வளத் துறை. சாலையில் மிதிவண்டி ஓடினால் காவல் துறை. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பார்த்து அனுமதி அளிக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே போட்டியாகப் பார்ப்பவர் எவரும் இல்லை. ஆபத்து இணைப்புகளில் இருக்கிறது என்று முன்னர் குறிப்பிட்டேன். நிர்வாகத்தின் இடைவெளிகளும் அதே இணைப்புகளில்தான் இருக்கின்றன. 2018-ல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நிறுவனங்களின் சங்கமும் சேர்ந்து விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அவை பயனுள்ளவை, ஆனால், வழிகாட்டு நெறி சட்டம் ஆகாது. விளையாட்டு, அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே, இதில் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவை மாநிலங்களே. இமாச்சலப் பிரதேசம் ஆற்றுப்படகு, வான்வழி விளையாட்டு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே தனி விதிகளை இயற்றியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

இவ்விளையாட்டின் தாயகமான நியூசிலாந்தின் அனுபவம் இங்கே உதவக்கூடும். 2008 ஏப்ரலில் அந்நாட்டின் மங்கடெபோபோ ஓடைப் பள்ளத்தாக்கில், வெளிப்புறப் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர்கள் ஆறு பேரும் ஆசிரியர் ஒருவரும் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தனர். அந்நாடு சாகச நடவடிக்கைகளைத் தடைசெய்யவில்லை. அவற்றை வணிகமுறையில் நடத்துவோர் தற்சார்புடைய பாதுகாப்புத் தணிக்கையில் தேறிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என 2011-ல் விதி வகுத்தது. விளையாட்டின் கடினத்தை அரசு குறைக்கவில்லை. அதை நடத்துபவரின் தகுதியைச் சோதித்தது.

தமிழ்நாட்டுக்கும் பிற மாநிலங்களுக்கும் பொருந்தக்கூடிய விதிகள் என நான் கருதுபவை சிலவே. முதலாவது, ஒவ்வொரு போட்டிக்கும் பெயர் குறிப்பிட்ட பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் போட்டி இயக்குநருக்கோ புரவலருக்கோ கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. காற்றின் வேகம், ஆற்றின் நீர்மட்டம், இடி மின்னல் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த எல்லைகள் இருக்க வேண்டும். எல்லை மீறப்பட்டால் நிறுத்துவது விவாதத்துக்குரியதாக இருக்கலாகாது. நெருக்கடியில் யோசித்து எடுக்கும் முடிவு, பெரும்பாலும் தொடரலாம் என்பதாகவே அமைந்துவிடுகிறது.

இரண்டாவது, கட்டாயப் பொருள்களைத் தொடக்கக் கோட்டில் சோதிக்க வேண்டும்; இடையிலும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். கனத்தைக் குறைக்கும் ஆசை ஒவ்வொரு போட்டியாளருக்கும் உண்டு. எல்லோரும் சுமக்க வேண்டும் என்றால் எவருக்கும் இழப்பில்லை. மூன்றாவது, பாதையின் ஒவ்வொரு பகுதியையும் மீட்புக் குழு எவ்வளவு நேரத்தில் அடையும் என்பதை அனுமதி கோரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அடைய முடியாத பகுதி என்றால், அங்கே முன்கூட்டியே ஆள் நிறுத்தப்பட வேண்டும். இயலாவிட்டால் பாதையை மாற்ற வேண்டும். நான்காவது, அனுமதி அளிக்கும் துறைகள் அனைத்தும் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் ஒரே கோப்பில் முடிவெடுக்க வேண்டும்.

ஐந்தாவது, பொறுப்புத் துறப்புப் படிவத்தின் எல்லை தெளிவாக்கப்பட வேண்டும். பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வணிகம் நடத்துபவர் தம் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் தட்டிக்கழிக்க முடியாது. பாறை வழுக்கும் என்பதைப் போட்டியாளர் ஏற்கலாம். வானிலை எச்சரிக்கையை அமைப்பாளர் படிக்க மாட்டார் என்பதை அவர் ஏற்றதாக எப்படிக் கொள்வது? இவ்வேறுபாட்டை நம் மாநில விதிகளும் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவு விதிகள் இருந்தால் சிறிய அமைப்பாளர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலையை நான் புறக்கணிக்கவில்லை. இவ்விளையாட்டை நம் மண்ணில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் கைப்பணம் செலவிடும் இளைஞர்களே. ஆனால், மேற்சொன்னவற்றில் பெரும் செலவு பிடிப்பது மீட்பு ஏற்பாடு மட்டுமே. அதற்கு இயலாத அமைப்பாளர் பாதையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; சாலைக்கு அருகிலேயே நடத்தலாம். சாகசம் தொலைவில் மட்டும் இல்லை. அரசும் தன் பங்குக்கு, பயிற்சி பெற்ற மீட்புக் குழுக்களை மலை மாவட்டங்களில் உருவாக்கிக் குறைந்த கட்டணத்தில் அளிக்கலாம். சுற்றுலாவால் வருவாய் வேண்டும் என்று விரும்பும் அரசு, அதற்கான முதலீட்டையும் செய்யத்தானே வேண்டும்?

சாகசம் என்பதே ஆபத்துதானே, அதை விதிகளால் கட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியும் வரும். மிஞ்சுவது நிறையவே இருக்கிறது. உறக்கமின்மை, பசி, வழிதவறல், அணிக்குள் எழும் சினம், அதை அடக்கித் தளர்ந்த தோழரின் பையையும் சேர்த்துச் சுமக்கும் கடைசி இருபது கிலோமீட்டர் ஆகிய எதையும் ஒரு மழைச்சட்டை குறைத்துவிடாது. போட்டியாளர் ஏற்க வேண்டிய ஆபத்தும் அமைப்பாளர் நீக்க வேண்டிய ஆபத்தும் வெவ்வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆதாயம் அடைபவர் போட்டியாளர் அல்லர்.

இறுதியாக ஒன்று. கான்சுவில் ஆடு மேய்த்தவரும், குரங்கணியில் ஓடிவந்தவர்களும், எங்களைத் தடுத்த மூதாட்டியும் அந்தந்த மலையை அறிந்தவர்கள். போட்டிகளில் அவர்களுக்கு இன்று கிடைக்கும் இடம், வரவேற்பு நடனத்திலும் உணவுப் பந்தலிலும்தான். காற்று மாறிவிட்டது என்பதை எந்தக் கருவியையும் பார்க்காமல் அந்த மூதாட்டி சொன்னார். அவருக்கு எங்களை நிறுத்தும் அதிகாரம் இல்லை. எங்களுக்கு அவர் சொல்லைக் கேட்கும் நிதானமும் இல்லை. உள்ளூர் மக்களில் இருவரேனும் பாதுகாப்புக் குழுவில் ஊதியத்துடனும் வாக்குரிமையுடனும் இடம்பெற வேண்டும் என்ற ஒரு வரி, அடுத்த போட்டிக்கான அனுமதிக் கடிதத்தில் சேர்க்கப்படட்டும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.